ஏப்ரல் முப்பதுக்குள் ஒரு முட்டி

மார்ச் 17

வேலை போய்விட்டது. சுற்றி வளைத்து எழுத ஒன்றுமில்லை.

காலையில் மீட்டிங் அறைக்குக் கூப்பிட்டார்கள். எச்.ஆர். ஷெரின் உட்கார்ந்திருந்தாள், லேப்டாப் திரையில் பெங்களூரிலிருந்து ஒருவர். மேஜைமேல் டிஷ்யூ பெட்டி. அதைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. அந்த அறையில் ஒரு பேனாகூட இருந்ததில்லை, டிஷ்யூ எங்கிருந்து வரும்?

கல்லூரி முடித்த கையோடு சேர்ந்தேன். பதினொரு வருஷம். மோட்டார் கன்ட்ரோலர்களை வெளியே அனுப்பும் முன் போட்டு வதைத்துப் பார்க்கிற பிரிவு. சூடேற்றுவோம், குலுக்குவோம், மின்சாரத்தை ஏற்றி இறக்குவோம். எது எப்போது உடைகிறது என்று குறித்துவைப்போம். அந்த வேலை இனி வேறு நாட்டில் நடக்குமாம். ஏப்ரல் 30 வரை சம்பளம் உண்டு, ஆனால் அலுவலகம் வர வேண்டாம்.

திரையில் இருந்தவர் என் பங்களிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நிறுத்திவிட்டு ஷெரினிடம் கேட்டேன்.

"இன்சூரன்ஸ் எப்ப வரைக்கும்?"

"லாஸ்ட் டே வரைக்கும் இருக்கு பரணி."

"அம்மாவுக்கும்?"

"அவங்களுக்கும் அதே தேதிதான். சாரி."

தினமும் டெஸ்ட் லாக் எழுதிப் பழகிய கை. ஆபீஸ் லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டதால் இங்கே எழுதுகிறேன். மனைவி நர்மதா, தான் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த டைரி, பிள்ளைகள் யாரோ முதல் பக்கத்தில் மயில் வரைந்திருக்கிறார்கள்.

நான் பதறவில்லை.

மார்ச் 18

அம்மாவிடம் சொன்னேன். ஒளித்துவைக்கிற ஜாதி இல்லை நான். தினமும் பேண்ட் போட்டுக்கொண்டு பார்க்கில் போய் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது.

அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை.

"உன்னைய மட்டும் அனுப்பிச்சாங்களா?"

"எங்க செக்சன் மொத்தத்தையும்."

"அப்ப உம்மேல தப்பில்ல."

"தப்பு சரி பேச வரலம்மா. ஏப்ரல் முப்பதுக்குள்ள உன்ற முட்டிய மாத்திப் போடலாம்."

"முட்டி என்ன மிக்சி ஜாரா, போயி மாத்தறதுக்கு? நீ வேல போனதச் சொல்ல வந்தயா, முட்டியச் சொல்ல வந்தயா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

விளக்கினேன். இரண்டு வருஷமாக டாக்டர் சொல்லிக்கொண்டிருக்கிறார், வலது முட்டியில் எலும்பும் எலும்பும் உரசுகிறது என்று. இவள் தை போகட்டும், ஆடி போகட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தாள். மாடிப்படி ஒவ்வொன்றுக்கும் கைப்பிடியைப் பிடித்து நின்று ஏறுகிறாள். கம்பெனி காப்பீடு முடிந்துவிட்டால், புதிதாக எந்த பாலிசி எடுத்தாலும் ஏற்கெனவே இருக்கிற முட்டி வலிக்கு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கைக்காசில் பண்ணுகிற நிலைமை இனி இல்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சாப்பிட்டயா கண்ணு?" என்றாள்.

மார்ச் 20

டாக்டர் இம்மானுவேலைப் பார்த்தோம். நர்மதா அரை நாள் லீவு போட்டு வந்தாள்.

அறுவை பிரச்சினை இல்லை, சர்க்கரைதான் பிரச்சினை. அம்மாவின் மூன்று மாதச் சராசரி மோசம். டாக்டர் பேப்பரை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"இந்தச் சர்க்கரைய வெச்சுட்டு முட்டியத் தொறந்தா புண்ணு ஆறாதுங்க தம்பி. உள்ள வைக்கறது உலோகம். அதுமேல கிருமி ஒருக்கா உக்காந்துட்டா எந்த மருந்துக்கும் எந்திரிக்காது. மறுபடியும் தொறந்து வெச்சதையெல்லாம் வெளிய எடுக்கணும். சிலருக்குக் காலே போயிருக்குது."

"ஏப்ரல் முப்பதுக்குள்ள டிஸ்சார்ஜ் ஆகணும் சார்."

"சராசரி அதுக்குள்ள முழுசா எறங்காது. தினசரி சர்க்கரை கட்டுல இருந்தா நான் செய்யறேன். ஏப்ரல் இருபத்தி நாலு வெச்சுக்கலாம். ஆனா ஒடம்புல எங்கயும் ஒரு புண்ணு, சளி, சொத்தப்பல்லு, ஒண்ணும் இருக்கக் கூடாது. இருந்தா தள்ளிப் போடுவேன்."

"தேதி மாறாதுன்னு எடுத்துக்கலாமா?"

டாக்டர் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "உங்க பையன் எப்பவுமே இப்படித்தானுங்களா?"

"பொறந்ததே சொன்ன தேதிக்குப் பத்து நாள் முன்னாடிங்," என்றாள் அம்மா.

மார்ச் 22

திட்டம் ரெடி. காலையில் ராகி, மதியம் ஒரு கரண்டி சோறும் காய்களும், ராத்திரி கோதுமை உப்புமா. பழம் கொய்யா மட்டும். விரல் நுனியில் குத்திப் பார்க்கிற மெஷின் புதிதாக வாங்கினேன். மாத்திரையை டாக்டர் கூட்டியிருக்கிறார். தினமும் மெதுவாக, சமதரையில் நடக்க வேண்டும்.

"ரோட்டுல நடக்க முடியாது சாமி. ஈஸ்வரன் கோயில்ல நடக்கறேன். அங்கதான் மேடு பள்ளமில்ல."

சிங்காநல்லூர் ரோட்டில் மேடு பள்ளம் பற்றிச் சொன்னது நூறு சதவீதம் சரி. ஒப்புக்கொண்டேன். கோயில் வீட்டிலிருந்து இரண்டாவது தெரு.

மார்ச் 23

கம்பெனி பஸ் எங்கள் தெரு முனையில் இன்னும் நின்றுதான் போகிறது. அக்கவுண்ட்ஸ் ஆட்கள் ஏறினார்கள். பால் வாங்கப் போன இடத்தில் பார்த்தேன், அவ்வளவுதான்.

மார்ச் 27

முதல் இண்டர்வியூ. வீடியோவில். எதிரே இருந்தவனுக்கு என்னைவிட வயது குறைவு.

"பதினோரு வருஷம் ஒரே இடத்துல இருந்திருக்கீங்களே, ஏன்?" என்று கேட்டான்.

"வேலை பிடிச்சிருந்துச்சு."

"வளரணும்னு தோணலையா?"

ஆறடி வளர்ந்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லியிருக்கலாம். எப்படியும் கூப்பிடப் போவதில்லை.

ஒரு நல்ல விஷயம். நான் வீட்டிலிருந்த பழைய லேப்டாப்பைத் திறந்ததும் அம்மா, "நீ பேசு, நான் கோயிலுக்குப் போயிட்டு வாறேன்" என்று கிளம்பிவிட்டாள். வீடு அமைதியாக இருந்தது. இத்தனை விவரம் இவளுக்கு உண்டு என்று தெரியாது. திரும்பி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, "என்ன சொன்னான்?" என்றாள்.

"சொல்றேன்னான்."

"நல்லா பேசுனயா?"

"ம்."

ஏப்ரல் 1

சர்க்கரை இறங்குகிறது! வெறும் வயிற்றில் நூற்று நாற்பத்தெட்டு. சாப்பிட்ட பிறகும் சுமார். நடைதான் காரணம். இப்போது வாரத்தில் ஐந்து நாளாவது போகிறாள். முட்டி வலிக்குமே என்று கேட்டேன். "நடக்க நடக்கப் பழகிப்போச்சு" என்கிறாள்.

நர்மதாவோடு சண்டை. அம்மா தட்டில் அவள் இன்னும் அரைக் கரண்டி சோறு போட்டாள், நான் எடுத்துவிட்டேன்.

"அவங்க பசியோட எந்திரிக்கறாங்க."

"இன்னும் மூணு வாரம்தான்."

"நீங்க அத்தைய டெஸ்ட் பெஞ்சுல ஏத்திட்டீங்க. தெரியுதா உங்களுக்கு?"

"பெஞ்சுல ஏத்துனா எல்லாம் சரியா வேல செஞ்சுதான் எறங்கும்."

"உங்க பொட்டியெல்லாம் பேசாது. அத்தையும் பேசறதில்ல. அதான் உங்களுக்கு வசதியாப் போச்சு."

டீச்சர்கள் எல்லோருக்கும் கடைசி வார்த்தை தங்களுடையதாக இருக்க வேண்டும்.

ஏப்ரல் 4

சிலிண்டர் வந்தது. தண்ணீர் ஃபில்டர் மாற்றினேன். மாடி டேங்க்கில் மிதவை வால்வு ஒழுகியது, புதுசு போட்டேன். நர்மதாவின் ஸ்கூட்டி பிரேக்கை இறுக்கினேன். பக்கத்து வீட்டு இன்வர்ட்டரையும் சரிபண்ணிக் கொடுத்தேன். உடைந்த சாமான் வீட்டில் இனி இல்லை. மதியம் மூன்று மணிக்கே.

அம்மா காப்பீட்டைத் தனி பாலிசியாக மாற்ற முடியுமா என்று காப்பீட்டுக் கம்பெனியில் கேட்டிருந்தேன். வயது அறுபத்து மூன்று, சர்க்கரை வேறு. "பரிசீலனையில் உள்ளது" என்று பதில். பரிசீலனை என்றால் இல்லை என்று அர்த்தம். செயலியில் போய்ப் பார்த்தேன், பாலிசிக்குப் பக்கத்தில் பச்சை டிக் இருக்கிறது. ஏப்ரல் 30 வரை இருக்கும். இன்றைக்கு ஏழெட்டு முறை பார்த்திருப்பேன். டிக் என்ன ஓடியா போய்விடும்?

ஏப்ரல் 9

பெங்களூர் கம்பெனி. முதல் சுற்று. இது என் துறை. கேள்விகளும் சரியான கேள்விகள். முக்கால் மணி நேரம் பேசினோம்.

உச்சி வெயிலில் இண்டர்வியூ வைத்திருந்தார்கள். அம்மா அப்போதும் கிளம்பினாள்.

"இந்த வெயில்ல எதுக்கும்மா? உள்ரூம்ல படுத்துக்கோ."

"கோயிலுக்குள்ள என்ன வெயில்? நெழல்லதான் நடக்கறேன்."

"நட சாத்தியிருப்பாங்களே."

"உள்ளதான் சாத்துவாங்க. சுத்தறதுக்குத் தொறந்துதான் கெடக்கும்."

திரும்பி வந்தபோது முகம் செக்கச் செவேல் என்றிருந்தது. ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்தாள். "என்ன சொன்னான்?" என்று கேட்டாள். அடுத்த சுற்று உண்டு என்றேன். கண்ணை மூடி எதையோ முணுமுணுத்தாள்.

சாயங்காலச் சர்க்கரை நூற்று முப்பத்திரண்டு. இந்த நடை வேலை செய்கிறது. டாக்டருக்கே மெசேஜ் அனுப்பினேன். கட்டைவிரல் போட்டார்.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. நர்மதா பாயசம் வைத்தாள், அம்மாவுக்கு இல்லை. அம்மா கனி பார்க்கிற தட்டிலிருந்து மாம்பழத்தை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். நர்மதா என்னை ஒரு பார்வை பார்த்தாள். இன்னும் பத்தே நாள்.

நர்மதாவின் அப்பா போன் பண்ணினார். "மாப்ள, லீவுங்களா இன்னிக்கு?" என்றார். "எனக்கு எல்லா நாளும் லீவுதானுங்க மாமா" என்றேன். அவசரமாகப் பேச்சை வெயிலுக்கு மாற்றினார். உண்மையைத்தானே சொன்னேன்.

ஏப்ரல் 15

அறுவைக்கு முந்தைய பரிசோதனைகள் எல்லாம் முடிந்தன. இதயம், நெஞ்சுப் படம், ரத்தம், சிறுநீர், பல். எல்லாம் சரி. மயக்க மருந்து டாக்டரும் சம்மதித்துவிட்டார். மூன்று மாதச் சராசரிகூட எட்டுக்குக் கீழே வந்துவிட்டது. காப்பீட்டு ஒப்புதலுக்கு அனுப்பியாயிற்று. 23 சேர்க்கை, 24 அறுவை, 28 வீட்டுக்கு. இரண்டு நாள் மிச்சம்.

ஒரு தேதியைக்கூட நான் தவறவிட்டதில்லை. அதை எந்த ஷெரினும் எழுதிவைக்கவில்லை.

ஏப்ரல் 16

பெங்களூர், கடைசி சுற்று. பிற்பகல் இரண்டு மணி. நீண்டுகொண்டே போனது. மூன்று பேர். கடைசியில் அந்த மேலாளர், "எப்ப ஜாயின் பண்ண முடியும்?" என்றே கேட்டுவிட்டார். மே ஒன்று என்றேன். சிரித்தார்கள்.

அம்மா நான் முடித்து வெகுநேரம் கழித்துத்தான் வந்தாள். ஒரு படிக்கு ஒரு தரம் நின்று ஏறினாள். "இவ்ளோ நேரமா நடந்தே?" என்றேன். "நீ இவ்ளோ நேரம் பேசுனயே" என்றாள். இதற்கு என்ன அர்த்தம்? கேட்க நேரமில்லை, போன் வந்துவிட்டது.

ஏப்ரல் 18

அம்மா என் பழைய ஆபீஸ் சாக்ஸைப் போட்டுக்கொண்டு திரிகிறாள். சித்திரை மாதத்தில்!

"தரை குளுருது சாமி."

சர்க்கரை உள்ளவர்களுக்குக் கால் மரத்து, ஜில்லென்று இருக்கும் என்று படித்திருக்கிறேன். சரி, போடட்டும். நடைக்கு இரண்டு நாளாகப் போகவில்லை. அறுவைக்கு முன் ஓய்வு நல்லதுதான்.

ஏப்ரல் 20

பெங்களூர்: "இப்போதைக்கு அந்தப் பணியிடத்தை நிறுத்திவைத்திருக்கிறோம்."

அம்மாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போனது என் வேலை, இவள் எதற்கு இப்படி உட்கார வேண்டும்?

ஏப்ரல் 21

சர்க்கரை இருநூற்றுப் பத்து. மறுபடி குத்தினேன். இருநூற்றுப் பதினான்கு.

கத்திவிட்டேன். நர்மதா பள்ளிக்குக் கிளம்பியவள் செருப்போடு உள்ளே ஓடி வந்தாள்.

"என்ன தின்னே? உண்மையச் சொல்லு."

அம்மா தரையைப் பார்த்தாள். "ஆமாஞ் சாமி. கோயில்ல சக்கரப் பொங்கல் குடுத்தாங்க. ஆசையா இருந்துச்சு."

"நீதான் நாலு நாளா கோயிலுக்கே போகலயே!"

"அது... மேல்வீட்டு அம்மா கொண்டாந்து குடுத்தாங்க."

"மூணு நாள் இருக்குது. மூணே நாள். உன்னால வாயைக் கட்ட முடியாதா?"

"இனிமே திங்கல."

"போதும் விடுங்க," என்றாள் நர்மதா. "ஒரு கரண்டி பொங்கலுக்கு இந்தச் சத்தமா?"

டாக்டருக்கு போன் போட்டேன். இன்சுலின் சேர்க்கச் சொன்னார். சாயங்காலம் நூற்றுத் தொண்ணூறு. ஊசியை நானே போட்டேன், பழக்கமில்லை.

ஏப்ரல் 22

துணி மடித்துக்கொண்டிருந்தேன். நாளைக்கு ஆஸ்பத்திரி, இன்றைக்கே பை கட்ட வேண்டும். என் சாம்பல் நிற சாக்ஸ், இடது கால். அடிப்பக்கம் மஞ்சளாக, அட்டை மாதிரி விறைத்திருந்தது. துவைத்தும் போகவில்லை.

நர்மதா பள்ளியில். அம்மா கட்டிலில்.

"சாக்ஸைக் கழட்டு."

"எதுக்கு?"

"கழட்டும்மா."

கட்டைவிரலுக்குக் கீழே, உள்ளங்கால் மேட்டில். கொப்புளம் உடைந்து, தோல் சுருண்டு, நடுவில் வெள்ளையாக ஈரம். சுற்றிலும் சிவப்பு. மஞ்சள் தூள் அப்பியிருந்தாள்.

"என்னது இது?"

"சுட்டுக்கிச்சு."

"எங்க?"

"கோயில்ல. கல்லு கொதிச்சுது போல. எனக்குத் தெரியவேயில்ல சாமி. வீட்டுக்கு வந்து தரையில ஈரமா இருக்குதேன்னு பார்த்தாத்தான் தெரிஞ்சுது."

"வெள்ளப் பெயிண்ட் அடிச்ச பாதை இருக்குமே, அதுல நடக்க வேண்டியதுதானே?"

"அது உள்சுத்துல. நான் வெளிச்சுத்து சுத்தறதா வேண்டிக்கிட்டேன்."

"மத்தியானம் ரெண்டு மணிக்கு எவளாவது வேண்டிக்குவாளா?"

"நீ அப்பத்தான பேசுனே?"

எனக்குப் புரியவில்லை. முகத்தைப் பார்த்தேன். அவள் ஏதோ ரொம்பச் சாதாரணமான விஷயத்தைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"நீ அந்தக் கம்ப்யூட்டர்ல பேச ஆரம்பிச்சா நான் சுத்த ஆரம்பிப்பேன். நீ முடிக்கற வரைக்கும் நிக்கக் கூடாதுன்னு வேண்டுதல். நீ எப்ப முடிப்பேன்னு எனக்கென்ன தெரியும்? உத்தேசமாச் சுத்துவேன். அன்னிக்கு ரொம்ப நேரம் பேசுவேன்னு தோணுச்சு."

நான் சர்க்கரை இறங்குகிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"அப்ப நேத்து சர்க்கரை ஏறுனது..."

"பொங்கலெல்லாம் ஒண்ணும் திங்கல," என்றாள். "புண்ணு இருந்தா ஏறும்னு டி.வி.ல சொன்னாங்க."

டெட்டால் எடுக்க எழுந்தேன். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர்கிட்டச் சொல்லாத. அவுரு அறுக்கறது வலது காலு. இது இடது. சாக்ஸு போட்டுட்டா யாரும் பார்க்கப் போறதில்ல. நர்மதாகிட்டயும் சொல்லாத, அவ வாய் நிக்காது."

"அம்மா, அவர் சொன்னது ஞாபகம் இருக்குதா? கிருமி..."

"எனக்கு முட்டி கெடக்குது பரணி. வலிச்சா வலிச்சுட்டுப் போவுது. நீ ஒரு மாசமா ஓடுன ஓட்டம் வீணாப் போகக் கூடாது. உனக்கு இது ஒண்ணாவது நடக்கணும்."

இடது உள்ளங்காலிலிருந்து ரத்தம் வலது முட்டிக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று தேடிப் பார்த்தேன். சுமார் ஒரு நிமிஷம்.

ஆனால் ஆன்டிபயாடிக் எப்படியும் ஊசியில் கொடுப்பார்கள். சின்னப் புண்தான். எல்லோருக்கும் கிருமி ஏறிவிடுவதில்லை. நூற்றில் எத்தனை பேர் என்றுதான் பார்க்க வேண்டும்.

நர்மதா வந்தாள். பையைக் கட்டினோம். சாக்ஸ் இரண்டு ஜோடி வைத்தேன்.

ஏப்ரல் 23

மூன்றாவது மாடி, ஜன்னலோரப் படுக்கை. அம்மா தூங்குவதுபோல் படுத்திருக்கிறாள். நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் ஒரு சின்ன டாக்டர் வந்தாள், படித்து முடித்த புதுசு போல. கேள்விகளைப் படித்துப் படித்து டிக் அடித்தாள்.

"சளி, இருமல்?"

"இல்லீங்."

"பல் வலி? யூரின் போகும்போது எரிச்சல்?"

"இல்லீங்."

"ஒடம்புல எங்கயாவது புண்ணு, கட்டி?"

"இல்லீங்," என்றாள் அம்மா. சத்தமாக. என்னைப் பார்க்காமல்.

டாக்டர் பெண் என்னைப் பார்த்தாள். "சார், வேற ஏதாவது?"

இல்லை என்று தலையாட்டினேன். கையெழுத்துப் போடச் சொன்ன இடங்களில் போட்டேன். மூன்று இடம்.

ஏ.சி. அறை என்பதால் சாக்ஸை யாரும் கேட்கவில்லை. வலது காலை மட்டும் மழித்து, மருந்து போட்டுத் துடைத்து, துணி சுற்றினார்கள். இடது கால் போர்வைக்குள்.

மதியம் நர்மதா ஓடி வந்தாள். "ஒப்புதல் வந்துருச்சுங்க! முழுசா!" அம்மாவின் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள். "அத்தை, ஆடி மாசம் என்கூட பேரூர் கோயிலுக்கு நடந்தே வாறீங்க."

"உன்ன முந்திட்டுப் போறேன் பாரு," என்றாள் அம்மா.

ஆபீஸில் ஒரு கன்ட்ரோலர் பெட்டி டெஸ்ட்டில் தோற்றால் தோற்றது என்றுதான் எழுதுவேன். லோடு ஏற்றத் தயாராக லாரி நிற்கும், மேனேஜர் கெஞ்சுவார், வாடிக்கையாளர் கத்துவார். மாற்றி எழுதியதே கிடையாது. அதற்கே ஆபீஸில் எனக்குக் கெட்ட பெயர்.

சாயங்காலம் டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார்.

(பிறகு எழுதியது)

ஐந்து மணிக்கு வந்தார். கூட இரண்டு நர்ஸ், அந்தச் சின்ன டாக்டர்.

"என்னங்கம்மா, ரெடியா?"

"ரெடிங். பண்ணிப் போடுங்."

துணியை விலக்கி, நீல மார்க்கரால் வலது முட்டிக்கு மேலே ஓர் அம்புக்குறி போட்டார். எந்தக் கால் என்று நாளைக்குக் குழப்பம் வராமலிருக்க. நர்மதா அதைப் போன் கேமராவில் எடுத்தாள். டாக்டர் மார்க்கர் மூடியைத் தேடினார்.

"சார், அந்தக் காலையும் பாருங்க," என்றேன்.

"எந்தக் கால்?"

"இடது கால். அடியில புண்ணு இருக்குது."

"ஒண்ணுமில்லீங்!" அம்மா எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். "இவன் சின்னதுல இருந்தே ஊசின்னா பயம். அவம் பேச்சக் கேக்காதீங்."

நான் போர்வையை விலக்கினேன். சாக்ஸின் விளிம்பைப் பிடித்தேன். அம்மா குனிந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு பலம் அவளுக்கு உண்டென்று தெரியாது.

"பரணி, வேண்டாம். சொல்றதக் கேளு."

"விடும்மா."

"உனக்குப் பைத்தியமா? நாளைக்கு விட்டா எப்ப நடக்கும் இது? நீயே சொன்னயில்ல?"

"விடு."

"என்னங்க இது, ரெண்டு பேரும்..." என்றாள் நர்மதா.

உருவினேன். தோலோடு ஒட்டியிருந்தது, கொஞ்சம் பிய்ந்துகொண்டு வந்தது. அம்மா முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. நர்மதா வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் குனிந்து, கையுறை விரலால் சுற்றிலும் அழுத்தினார். "வலிக்குதாம்மா?"

"இல்லீங். ஒண்ணுமே இல்லீங்."

"வலிக்கணும்," என்றார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நேத்து."

"காலைல கேட்டப்ப இல்லைன்னுல்ல எழுதியிருக்குது?"

"ஆமாங்க சார்."

அந்தச் சின்ன டாக்டர் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பெரியவர் எதுவும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"இது முழுசா ஆறணும். ரெண்டு மாசம் ஆகும். அதுக்கப்பறம் வாங்க. இன்சூரன்ஸ் விசயத்துல எனக்கு ஒண்ணும் செய்யறதுக்கில்ல தம்பி."

ஆட்டோவில் அம்மா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வீடு வந்து இறங்கும்போது மட்டும் சொன்னாள். "வாயை மூடிட்டு இருந்திருந்தா முடிஞ்சிருக்கும்."

ஏப்ரல் 24

அறுவை நாள். அறுவை இல்லை.

நர்மதா லீவு போட்டிருந்தாள், வீட்டில் இருக்கிறாள். என்னோடும் பேசவில்லை, அம்மாவோடும் பேசவில்லை. மதியம் சோறு போடும்போது வாயைத் திறந்தாள்.

"ஒருத்தர் காலச் சுட்டுட்டு மறைக்கறீங்க. ஒருத்தர் பார்த்துட்டு மறைக்கறீங்க. இந்த வீட்ல நான் எதுக்கு இருக்கேன்?"

இரண்டு பேரும் சாப்பிட்டோம். அம்மா தட்டில் அவள் முழுக் கரண்டி சோறு போட்டாள். நான் எடுக்கவில்லை.

முட்டியில் இருக்கிற அம்புக்குறி சோப்புப் போட்டும் போகவில்லை.

ஏப்ரல் 27

அரசு மருத்துவமனை எலும்புப் பிரிவுக்குப் போய் விசாரித்தேன். நல்லபடியாகச் செய்கிறார்களாம். வரிசை நீளம். புண் ஆறின பிறகு அழைத்து வாருங்கள் என்றார்கள்.

ஈஸ்வரன் கோயிலுக்கும் போனேன். சாமி கும்பிட இல்லை. மதியம், வெளிச்சுற்றில், வெறுங்காலோடு நின்று பார்த்தேன். பத்து எண்ணுவதற்குள் உள்ளே ஓடிவிட்டேன்.

ஏப்ரல் 30

கடைசி நாள். ஷெரின் மெயில் அனுப்பியிருந்தாள், வாழ்த்துகளோடு. பச்சை டிக்கை ஒருமுறை பார்த்தேன். பிறகு செயலியை அழித்துவிட்டேன்.

புண்ணுக்குக் கட்டு மாற்றுவது என் வேலை. தினமும் சலைன் ஊற்றிக் கழுவி, செத்த தோலைத் துடைத்து, மருந்துத் துணி வைத்துச் சுற்ற வேண்டும். ஒரு வாரமாக அம்மா காலை மட்டும் நீட்டுவாள், முகத்தை டி.வி. பக்கம் வைத்துக்கொள்வாள்.

இன்று பஞ்சு வைத்துத் துடைத்துக்கொண்டே கேட்டேன்.

"இங்க வலிக்குதா?"

தலையாட்டினாள். இல்லை.

"இங்க?"

இல்லை.

கொஞ்சம் அழுத்தித்தான் கேட்டேன். "இங்கயும் இல்லயா?"

"இல்லடா."

கட்டை முடித்துவிட்டுக் காலைத் தூக்கித் தலையணைமேல் வைத்தேன். வசதிக்காக அவள் உடம்பைத் திருப்பும்போது வலது முட்டி மடங்கிவிட்டது.

"அம்மா..." என்று கத்தினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆடினாள். நானும் பிடித்தேன். அந்த நீல மை இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

வலி இறங்க நேரமாயிற்று. மூச்சு சீரானதும் என் கையின் மேல் தன் கையை வைத்தாள்.

"இங்க வலிக்குது சாமி. இங்க நல்லா வலிக்குது."

"தெரியும்மா," என்றேன்.

"உனக்கெங்க தெரியும்?" என்றாள். ஆனால் கையை எடுக்கவில்லை.